புதிய மகிழுந்தும் 97 என்னும் எண்ணும்



2025-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் எங்கள் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு ஒன்று நடைபெற்றது. மதிப்பெண், வருகை, வீட்டுப்பாடம் எனப் பேச வேண்டியவற்றையெல்லாம் பேசி முடித்த பிறகு ஒரு தந்தையார் மட்டும் தயங்கியபடி நின்றார்.

"சார், தப்பாக நினைக்காதீர்கள். இது பிள்ளையைப் பற்றி இல்லை. புது கார் எடுத்திருக்கிறேன். 1.99 வெள்ளிக்குக் கொடுக்கிற 95 எண்ணெயை அதில் ஊற்றலாமா, இல்லை 97-தான் ஊற்ற வேண்டுமா? டாங்கியில் ஊற்ற மருந்து ஒன்றும் வாங்கச் சொல்கிறார்கள். நீங்கள் அறிவியல் ஆசிரியராயிற்றே, சொல்லுங்கள்."

எனக்குத் தெரிந்ததை ஐந்து நிமிடத்தில் சொன்னேன். அவர் மனநிறைவோடு விடைபெற்றார். ஆனால், அந்த ஐந்து நிமிடப் பதிலைக் கற்றுக்கொள்ள எனக்கு 1,027 ரிங்கிட் செலவாயிற்று. அதோடு, என் வகுப்பில் ஒரு மாணவன் இரண்டு வாரம் வாய்மூடி இருந்தான். பணத்தை விட அந்த மௌனமே பெரிய செலவு என்பதால்தான் இதனை எழுதுகின்றேன்.

2024-ஆம் ஆண்டு ஜனவரியில் நான் புதிய மகிழுந்து ஒன்றை வாங்கினேன். என் வாழ்வில் முதன்முறையாக வாங்கிய புதிய வண்டி அது. அதற்குமுன் வைத்திருந்தது பிறர் ஓட்டிக் கழித்த பழைய வண்டி. சுங்கைப் பட்டாணியிலிருந்து நான் பணிபுரியும் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிக்கு 38 கிலோமீட்டர். செம்பனைத் தோட்டங்களுக்கு இடையிலான அந்தச் சாலையில் பழைய வண்டி என்னை மும்முறை கைவிட்ட பிறகே, 9 ஆண்டுத் தவணைக்குத் துணிந்தேன். சிறிய வண்டிதான், உள்நாட்டில் செய்யப்பட்டதுதான். ஆயினும், அதன் இருக்கைகளில் ஒட்டியிருந்த நெகிழித் தாளைக் கிழிக்கவே எனக்கு ஒரு மாதம் மனம் வரவில்லை.

என் தந்தையார் தோட்டத்தில் லாரி ஓட்டுநராக இருந்தவர். "வண்டி வாயில்லாச் சீவன். நல்ல தீனி போட்டால்தான் நம்மைச் சுமக்கும்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் சொல். அந்தச் சொல்லை நெஞ்சில் வைத்துக்கொண்டு எண்ணெய் நிலையத்திற்குப் போனேன். மஞ்சள் குழாயில் 95. பக்கத்துக் குழாயில் 97. நான் ஆசிரியன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மதிப்பெண் போட்டுப் பழகிய கண்கள் என்னுடையவை. 95-ஐ விட 97 உயர்ந்தது என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயம் எழவில்லை. விலையும் அதற்குச் சான்று கூறுவது போலவே இருந்தது. அப்பொழுது ரோன் 95 லிட்டருக்கு 2.05 ரிங்கிட், ரோன் 97 லிட்டருக்கு 3.47 ரிங்கிட். லிட்டருக்கு 1.42 ரிங்கிட் அதிகம் கொடுத்தால், அந்தப் பணத்திற்கேற்ற நன்மை எங்கோ இருக்கத்தானே வேண்டும்?

முதல் 1,000 கிலோமீட்டர் சேவைக்கு வண்டியைக் கொண்டுபோன இடத்தில், முகப்பில் இருந்த இளைஞர் ஒரு சிறிய புட்டியைக் காட்டினார். "இஞ்சின் கழுவும் மருந்து, ஐயா. மாதம் ஒன்று ஊற்றினால் இஞ்சின் என்றும் புதிதாகவே இருக்கும்." ஒரு புட்டி 35 ரிங்கிட். அதையும் வாங்கினேன். அன்று தொடங்கி ஒவ்வொரு மாதமும் வாங்கினேன். வண்டி மென்மையாக ஓடுவதாகவும், மேட்டில் எளிதாக ஏறுவதாகவும், முன்னை விடக் குறைவாகவே எண்ணெய் குடிப்பதாகவும் எனக்குத் தோன்றியது. ஆசிரியர் அறையில் சக ஆசிரியர்களிடமும் இதைப் பெருமையாகச் சொன்னேன். இரண்டு பேர் என் பேச்சைக் கேட்டு 97-க்கு மாறினார்கள்.

அந்த மாதங்களில் என் மகள் படிப்பதற்கு ஒரு மேசை கேட்டுக்கொண்டிருந்தாள். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று ஒவ்வொரு மாதமும் சொல்லி வந்தேன்.

மே மாதத்தில் ஒருநாள் ஐந்தாம் ஆண்டு அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பேச்சு எரிபொருள் பக்கம் திரும்பியது. "பெட்ரோலிலும் வகை உண்டு. 95-ஐ விட 97-இல் ஆற்றல் அதிகம். அதனால் வண்டி வேகமாகவும் அதிகத் தூரமும் ஓடும்" என்றேன். பாடநூலில் இல்லாத செய்தி ஒன்றைச் சொல்லிவிட்ட நிறைவு எனக்கு.

பின் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அதிகம் பேசாத மாணவன். அவன் தந்தை அருகிலுள்ள சிறுநகரில் வாகனப் பட்டறை வைத்திருக்கிறார்.

"ஐயா, 97-இல் ஆற்றல் அதிகம் இல்லை என்று அப்பா சொன்னார். அது இஞ்சின் தட்டாமல் இருப்பதற்குத்தானாம்."

வகுப்பு என்னைப் பார்த்தது. நான் சிரித்தேன். "அப்படியா? அப்படியென்றால் உன் அப்பாவே வந்து இங்குப் பாடம் நடத்தலாமே!" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் அமர்ந்துவிட்டான்.

கோபமாகச் சொல்லவில்லை, விளையாட்டாகத்தான் சொன்னேன் என்று பிறகு பலமுறை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால், அதன்பின் அவன் கை உயரவேயில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான். "தெரியவில்லை, ஐயா" என்பான். தெரிந்த கேள்விக்கும் அதே பதில்தான். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட ஒன்று, மாணவனின் பதிலைக் கேலி செய்யாதே என்பது. அதைப் பயிற்சி ஆசிரியர்களுக்கு எடுத்துச் சொல்லும் வயதை அடைந்தவன் நான். மறந்தது எப்படி என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, சக்கரத்தில் ஆணி ஏறியதால் அந்தச் சிறுநகரிலேயே நிற்க நேர்ந்தது. திறந்திருந்த ஒரே பட்டறை அந்த மாணவனின் தந்தையுடையது. அவருக்கு என்னைவிட வயது சற்று அதிகம். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார், நாற்காலி போட்டார், காப்பி வரவழைத்தார். மகன் வீட்டில் எதுவும் சொல்லவில்லை போலும். அந்த மரியாதை என்னைக் குத்தியது.

"அண்ணே, 95-க்கும் 97-க்கும் என்னதான் வேறுபாடு?" என்று நானே கேட்டேன்.

அவர் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "சார், இஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் நெருக்குகிறது. நெருக்கினால் சூடாகும். தீப்பொறி வைத்த பிறகு அந்தக் கலவை ஒரு பக்கத்திலிருந்து சீராக எரிந்துகொண்டு போக வேண்டும். சில நேரம் இன்னும் எரியாத மிச்சக் கலவை, சூட்டையும் அழுத்தத்தையும் தாங்காமல் தானாகவே பட்டென்று வெடித்துவிடும். டொக்டொக் என்று கேட்கும். அதைத்தான் தட்டுகிறது என்கிறோம். எவ்வளவு நெருக்கினாலும் தானாக வெடிக்காமல் தாங்குவதைக் காட்டுவதுதான் அந்த எண். ஆற்றலைக் காட்டுவது இல்லை. உங்கள் வண்டி 95-க்கென்று செய்தது. கூடத் தாங்கும் எண்ணெயை ஊற்றினால் அது தாங்கும். ஆனால், தாங்க வேண்டிய வேலையே அங்கு இல்லையே!"

"அப்படியானால் இந்த மருந்துப் புட்டி?"

அவர் சிரித்தார். "நேற்று வாங்கின சட்டியை இன்றைக்கு ஏன் சார் சாம்பல் போட்டுத் தேய்க்கிறீர்கள்?"

அன்றிரவு வண்டியின் முன்பெட்டியிலிருந்து கையேட்டை எடுத்தேன். ஐந்து மாதமாக அது நெகிழிப் பையிலேயே கிடந்தது. 'கேள்வியை இருமுறை படித்த பிறகே விடை எழுது' என்று நாள்தோறும் மாணவர்களிடம் சொல்பவன், தன் வண்டியின் கையேட்டை ஒருமுறை கூடப் பிரித்ததில்லை! எரிபொருள் பக்கத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது: ஆக்டேன் எண் 95 அல்லது அதற்கு மேல். இஞ்சினைக் கழுவும் சேர்க்கைகளைப் பற்றி ஒரு பரிந்துரையும் இல்லை.

பிறகு பல நாள் தேடிப் படித்தேன். படித்து உறுதிப்படுத்திக்கொண்டவற்றை இங்கே முறையாகச் சொல்லிவிடுகின்றேன்.

முதலாவது, அந்த எண். ஐசோஆக்டேன் என்னும் பொருள் தட்டலை நன்கு தாங்கும், அதற்கு 100. ஹெப்டேன் எளிதில் தட்டிவிடும், அதற்கு 0. இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொள்ளும் முறையை 1920-களில் அமெரிக்க வேதியியலாளர் கிரகாம் எட்கர் வகுத்தார். 95 என்றால், 95 பங்கு ஐசோஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை எந்த அளவு தட்டலைத் தாங்குமோ அந்த அளவு இந்தப் பெட்ரோலும் தாங்கும் என்பதே பொருள். இது மதிப்பெண் அன்று. காலணியின் அளவு எண்ணைப் போன்றது. 7-ஆம் எண் காலுக்கு 9-ஆம் எண் காலணி உயர்ந்ததாகிவிடுமா?

இரண்டாவது, உயர் ஆக்டேன் யாருக்கு வேண்டும்? கலவையை மிகுதியாக நெருக்கும் இஞ்சின்களுக்கும், டர்போ பொருத்திய சில இஞ்சின்களுக்கும் வேண்டும். அவற்றின் கையேடே அதைச் சொல்லிவிடும். இன்றைய வண்டிகளில் தட்டலை உணரும் கருவி இருக்கிறது. தேவையினும் குறைந்த ஆக்டேன் ஊற்றினால், இஞ்சின் தீப்பொறி வைக்கும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளித் தன்னைக் காத்துக்கொள்ளும். அப்பொழுது ஆற்றல் சிறிது குறையும். அத்தகைய வண்டிக்கு உயர் ஆக்டேன் உண்மையிலேயே பயன் தரும். 95-க்கென வடிவமைத்த வண்டி 95-இலேயே தன் முழு ஆற்றலையும் தருவதால், 97 ஊற்றி மீட்பதற்கு அங்கு எதுவும் பெரிதாக இல்லை.

அமெரிக்க வாகனமோட்டிகள் சங்கமான ஏஏஏ இவ்விரண்டையும் சோதித்திருக்கிறது. சாதாரணப் பெட்ரோலுக்கென வடிவமைக்கப்பட்ட வண்டிகளில் உயர்தரப் பெட்ரோலால் குறிப்பிடத்தக்க நன்மை ஒன்றும் இல்லை என 2016-இல் அறிவித்தது. அங்குள்ள சாதாரணப் பெட்ரோல் நம் கணக்கில் ஏறத்தாழ ரோன் 91 அல்லது 92 என்பதையும் கவனிக்க வேண்டும். உயர்தரப் பெட்ரோலைப் பரிந்துரைக்கும் வண்டிகளை 2017-இல் சோதித்தபோது, சராசரியாக 2.7 விழுக்காடு எரிபொருள் சிக்கனமும் 1.4 விழுக்காடு ஆற்றலும் கூடின. எனவே, 97 வீண் என்று நான் சொல்லவில்லை. எந்த வண்டிக்கு என்பதே கேள்வி.

மூன்றாவது, கழுவும் சேர்க்கைகள். நிலையங்களில் விற்கப்படும் நல்ல பெட்ரோலில் படிவுகளைத் தடுக்கும் கழுவுபொருள் ஏற்கெனவே கலந்தே வருகிறது. அந்தக் கழுவுபொருளுக்கு உண்மையான பயன் உண்டு. 2016-இல் அதே சங்கம் செய்த இன்னொரு சோதனையில், 4,000 மைல் ஓட்டத்திற்குச் சமமான சோதனைக்குப் பிறகு, உயர்ந்த கழுவுபொருள் தரம் இல்லாத பெட்ரோல் சராசரியாக 19 மடங்கு அதிகப் படிவை ஏற்படுத்தியது. ஆனால், கழுவுபொருள் வேறு, ஆக்டேன் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதுதான் என் குழப்பத்தின் வேர். பல ஆண்டுகள் ஓடிப் படிவு சேர்ந்த இஞ்சினுக்குத் தரமான கழுவுமருந்து உதவக்கூடும். புதிய இஞ்சினில் கழுவுவதற்கு என்ன இருக்கிறது? இன்னொன்றும் உண்டு. பெட்ரோலை நேரடியாக எரியறைக்குள் தெளிக்கும் இஞ்சின்களில், காற்று நுழையும் வால்வின் மேல் பெட்ரோல் படுவதேயில்லை. ஆகவே டாங்கியில் எதை ஊற்றினாலும் அந்த வால்வைக் கழுவாது. ஆக்டேனை உயர்த்தும் சில புட்டிகளில் உலோகச் சேர்மங்கள் உள்ளன. அவை ஸ்பார்க் பிளக்கில் படிந்து தொல்லை தரவும் கூடும். எரிபொருளை மிச்சப்படுத்துவதாகச் சொல்லிக்கொண்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளையும் சேர்க்கைகளையும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்திருக்கிறது. குறிப்பிடத்தக்க அளவு மிச்சப்படுத்தும் எதையும் அது காணவில்லை.

அப்படியானால் என் தந்தையார் சொன்னது பொய்யா? இல்லை. அவர் காலத்து வண்டிகளில் தட்டலை உணரும் கருவி கிடையாது. படிவு சேர்ந்த பழைய இஞ்சின் தட்டத் தொடங்கினால், உயர்ந்த எண்ணெய் ஊற்றுவது நல்ல மருந்து. நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டில் ரோன் 95 அறிமுகமாகும் வரை ரோன் 92-உம் ரோன் 97-உம் தாம் இருந்தன. 92-க்கும் 97-க்கும் இடைவெளி பெரிது. அன்று பிறந்த நம்பிக்கை, காரணம் மறைந்த பிறகும் நம் வீடுகளில் தங்கிவிட்டது. நான் தந்தையாரின் சொல்லை வைத்துக்கொண்டேன். அவர் எதற்காகச் சொன்னார் என்பதைத் தொலைத்துவிட்டேன்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, வகுப்பிற்குள் போவது எனக்கு எளிதாக இல்லை. ஆசிரியர் தம் தவற்றை மாணவர் முன் ஒப்புக்கொண்டால் மதிப்புக் குறையும் என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. நானும் அப்படிக் கருதியவன்தான். பாடத்தை அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட எண்ணினேன். யார் சொன்னாலும் சொன்னவரைப் பாராமல் அச்சொல்லின் உண்மையைக் காண்பதே அறிவு என்று வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் கூறுகிறார். அந்தக் குறளை மனனம் செய்துவரச் சொல்லி, ஒப்புவிக்காத பிள்ளைகளை நிற்க வைத்தவன் நான்.

ஜூன் மாதத்தின் முதல் அறிவியல் பாடவேளையில் சொல்லிவிட்டேன். "பிள்ளைகளே, பெட்ரோலைப் பற்றி நான் சொன்னது தவறு. உங்கள் நண்பன் சொன்னதே சரி. அவனை நான் கேலி செய்ததும் தவறு." அவன் பெயரைச் சொல்லி, "என்னை மன்னித்துவிடு" என்றேன். வகுப்பில் சிறு சத்தமும் இல்லை. அவன் தலையை நிமிர்த்தவில்லை. நான் எதிர்பார்த்த புன்னகையும் வரவில்லை. பிள்ளைகளின் மனம் நாம் மன்னிப்புக் கேட்ட நொடியிலேயே திறந்துகொள்ளும் கதவன்று.

சொல்லால் முடிந்தது அவ்வளவுதான். எனவே, செயலில் இறங்கினோம். அறிவியல் செயற்பாங்குத் திறனைக் கற்பிக்க இதைவிட நல்ல வாய்ப்பு எனக்குக் கிடைக்காது. ஆறு வாரம் ஆய்வு. ஒரு வாரம் 97, மறுவாரம் 95. ஒரே நிலையம், ஒரே குழாய்மேடை. குழாய் தானாக நிற்கும் வரை நிரப்புதல். ஓடிய தூரத்தையும் ஊற்றிய லிட்டரையும் நான் வெண்பலகையில் எழுதுவேன்; பிள்ளைகள் வகுத்துச் சொல்வார்கள். தற்சார்பு மாறி எரிபொருளின் வகை. சார்பு மாறி ஒரு லிட்டருக்கு ஓடும் தூரம். கட்டுப்படுத்தப்பட்ட மாறி ஓடும் சாலை.

97 ஊற்றிய மூன்று வாரங்களில் லிட்டருக்கு 15.8, 16.4, 15.6 கிலோமீட்டர். 95 ஊற்றிய வாரங்களில் 16.1, 15.5, 16.3 கிலோமீட்டர். சராசரி முறையே 15.93, 15.97.

"95-தான் வெற்றி!" என்று ஒரு கூட்டம் கைதட்டியது. இங்கேதான் உண்மையான பாடம் தொடங்கியது. "ஒரே எண்ணெயை ஊற்றிய வாரங்களுக்கு இடையிலேயே 0.8 கிலோமீட்டர் வரை வேறுபாடு இருக்கிறதே. இரண்டு சராசரிகளுக்கும் இடையே உள்ள 0.04-ஐ வைத்து வெற்றி என்று சொல்லலாமா?" என்று கேட்டேன். சிறிது நேரம் சிந்தித்த பிறகு, "சொல்ல முடியாது, ஐயா. வேறுபாடு தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்" என்றாள் ஒரு மாணவி. அடுத்து அவளே கேட்ட கேள்வி என்னைத் திகைக்க வைத்தது.

"ஐயா, எந்த வாரம் எந்த எண்ணெய் என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா? விலை உயர்ந்த எண்ணெய் ஊற்றிய வாரம் நீங்கள் மெதுவாக ஓட்டியிருந்தால்?"

ஐந்து மாதமாக நான் உணர்ந்த அந்த 'மென்மை' எங்கிருந்து வந்தது என்பது அப்போது விளங்கியது. அது டாங்கியிலிருந்து வரவில்லை. என் வலக்காலிலிருந்து வந்திருக்கிறது. விலை உயர்ந்ததை ஊற்றிவிட்டோம் என்ற நினைப்பில் நானே மென்மையாக மிதித்திருக்கிறேன்!

செலவுக் கணக்கில் மட்டும் எந்த ஐயமும் இல்லை. ஒரு கிலோமீட்டருக்கு 97-இல் 21.8 சென், 95-இல் 12.8 சென். அதன் பிறகு என் பழைய கணக்கையும் பிள்ளைகளிடமே கொடுத்தேன். 20 வாரம், வாரம் 30 லிட்டர், லிட்டருக்கு 1.42 ரிங்கிட் கூடுதல்: 852 ரிங்கிட். ஐந்து புட்டி மருந்து: 175 ரிங்கிட். கூட்டினால் 1,027. "ஐயோ, ஐயா!" என்று வகுப்பே இரங்கியது. மகளின் மேசையைப் பற்றி அவர்களிடம் நான் சொல்லவில்லை. மேசை அடுத்த வாரமே வீட்டிற்கு வந்தது.

இனி, அந்தத் தந்தையார் கேட்ட 1.99 ரிங்கிட் பெட்ரோலைப் பற்றி ஒரு சொல். 2025 செப்டம்பர் 30 முதல் தகுதியுள்ள குடிமக்கள் அனைவருக்கும் நடப்புக்கு வந்த புடி 95 திட்டத்தில் அறிவிக்கப்பட்ட விலை அது. உதவித்தொகை விலையைக் குறைக்கிறது; குழாயில் வரும் பொருளை மாற்றுவதில்லை. அடையாள அட்டையைக் காட்டி வாங்குபவருக்கும் முழு விலை கொடுத்து வாங்குபவருக்கும் வருவது அதே ரோன் 95 பெட்ரோல்தான். மலிவாகக் கிடைப்பதாலேயே அது தாழ்ந்தது என்று எண்ண வேண்டியதில்லை.

புதிய வண்டியைப் பேண விரும்பும் பெற்றோர் செய்ய வேண்டியவை எளியவை. கையேட்டைப் படியுங்கள். அதில் 95 என்றிருந்தால் 95 ஊற்றுங்கள். 97 என்றிருந்தால் சிக்கனம் பாராமல் 97 ஊற்றுங்கள். இஞ்சின் எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுங்கள். மாதம் ஒருமுறையேனும் சக்கரங்களின் காற்றழுத்தத்தைப் பாருங்கள். புட்டியை யாராவது நீட்டினால், "கையேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று பணிவோடு கேளுங்கள். அந்த ஒரு கேள்வி எனக்கு 175 ரிங்கிட்டை மிச்சப்படுத்தியிருக்கும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒன்று உண்டு. தேர்வுக் காலங்களில் நினைவாற்றல் மாவு, மூளைக்குச் சத்து மருந்து என்று வாங்கிவந்து, "இது நல்லதா, சார்?" என்று கேட்கும் பெற்றோர்களை நாம் அறிவோம். பிள்ளைக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பதில் தடுமாற்றம் இருக்கும். கையில் இருப்பதோ விலை உயர்ந்த புட்டி. அவர்களைப் பார்த்து இனி நான் சிரிக்க மாட்டேன். அன்பினால் தவறான குழாயின் முன் நிற்பவர்கள் அவர்கள். நானும் அதே வரிசையில் நின்றவன்தான்.

அந்த மாணவனைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் நிறைவாகாது. ஆய்வு நடந்த ஆறு வாரமும் அவன் கணக்கை மட்டும் அமைதியாகப் போட்டுக்கொண்டிருந்தான். ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள், பெட்ரோலுக்குச் சற்றும் தொடர்பில்லாத பாடம் ஒன்றில், நான் கேட்ட கேள்விக்குப் பின் வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. அவன்தான். எழுந்து நின்று விடை சொன்னான். விடை முற்றிலும் தவறு.

"நல்ல முயற்சி. ஏன் அப்படி நினைத்தாய், சொல்" என்றேன். அவன் சொல்லத் தொடங்கினான். பாடவேளை முடிந்து மணி அடிக்கும் வரை அவனைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.